பெத்த மகன வெளிய நிக்கச் சொன்னவ

உக்காருங்க தாயி. அந்த நாற்காலி ஆடும், செவுத்தோரமா இழுத்துப் போட்டு உக்காருங்க. சமூகநல ஆபீசுல இருந்து ஒரு அம்மா வருவாங்க, உங்ககிட்டத் தனியாப் பேசுவாங்கன்னு அந்த நர்ஸு காலைலயே சொல்லிருச்சு. வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்காம வார்டுக்குப் பக்கத்துல இந்த ரூமுல கொண்டாந்து உக்கார வச்சிருச்சு. இந்த வார்டுல நான் சொல்றத யாரு கேக்குறா?

பேரு வீரணன். சின்னமனூர்ப் பக்கம். தொழிலு லாரி. பத்துச் சக்கர வண்டி. கம்பத்துல திராட்சை ஏத்துனா பம்பாய் மார்க்கெட்டுலதான் எறங்குவேன். அப்படி ஓட்டுன ஆளு.

நான் ஒண்ணும் நாதியத்தவன் இல்ல தாயி. அத மொதல்ல எழுதிக்கங்க. எனக்கு மகன் இருக்கான். செல்வேந்திரன். உள்ள வரும்போது பாத்திருப்பீங்களே, நீங்க வர்றது தெரிஞ்சு வந்து, நீலச் சட்டை போட்டு பெஞ்சுல உக்காந்திருக்கான், அவன்தான். வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். தங்கமான பிள்ளை. கோவம் மட்டும் கொஞ்சம் வரும். அது என் ரத்தம். நான் படாத கோவமா?

உங்களுக்குப் புகார் எதுவும் வேணும்னா அந்த நர்ஸு மேல தர்றேன். ஸ்டெல்லா. நல்லா எழுதிக்கங்க. பெத்த மகன வெளிய நிக்கச் சொன்னவ தாயி அவ. எங்க குடும்பத்துக்குள்ள பூந்து, இருந்தது இல்லாதது எல்லாத்தையும் கெளறி, இன்னைக்கு உங்களையும் அலைய வச்சிருக்கா.

மொதல்ல இருந்து சொல்றேன். கேளுங்க.

என் வீட்டுக்காரி பேச்சி போய்ச் சேந்த பெறகு எனக்கு ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. முட்டி பிடிச்சுக்கிருச்சு. ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியல. நீங்க பொம்பளப் பிள்ளை, உங்ககிட்டச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. படுக்கையிலயே போயிருது. மருமக பாண்டீஸ்வரிதான் தொவைக்கணும். பாவம் அதுவும் மில்லுக்கு வேலைக்குப் போற பிள்ளை. மொகஞ் சுளிக்கத்தான் செய்யும். அதனால செல்வேந்திரன் என்ன செஞ்சான், வீட்டுக்குப் பின்னால பட்டறைச் சாமான் போடுற ரூமு ஒண்ணு இருக்கு, அதுல கட்டிலப் போட்டுக் குடுத்தான். தனி ரூமு தாயி. யாரு குடுப்பா? கம்பியும் தகடும் கெடக்கும், அவ்வளவுதான். இரும்பு வாசம் எனக்கு என்ன புதுசா?

கதவுக்கு வெளிய கொண்டி போட்டுட்டுப் போவான். நான் பாட்டுக்கு எந்திரிச்சு ரோட்டுப் பக்கம் போயி வண்டில அடிபட்டுட்டா? அந்தப் பயம் அவனுக்கு. அப்பன் மேல பாசம் இருக்கப் போயிதான பூட்டுறான்.

சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடுக்க வேண்டாம்னு பாண்டீஸ்வரிகிட்டச் சொல்லியிருந்தான். அதுவும் சரிதான. குடிச்சாத்தான போகும். நாக்கு ஒட்டும். ஒட்டுனா என்ன, லாரிக்காரன் பாக்காத தாகமா? ராவுல நான் சத்தம் போடுறேன்னு ஒரு மாத்திரை குடுப்பாங்க. பொடியா நுணுக்கிச் சோத்துல பெசஞ்சு. அதத் தின்னா அடுத்த நாளு மத்தியானம் வரைக்கும் தலை நிக்காது. அதையும் அந்த நர்ஸு தப்பாக் கேக்குறா. என்ன மாத்திரை, எந்த டாக்டரு எழுதிக் குடுத்தாருன்னு. மனுசன் நல்லாத் தூங்கட்டும்னு குடுக்குறது ஒரு தப்பா தாயி?

கை எப்படி ஒடஞ்சதுன்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. கதவுல மாட்டிக்கிருச்சு. அன்னைக்கு ஒரே வெக்கை. பாண்டீஸ்வரி சோத்த வச்சுட்டுக் கதவச் சாத்தப் போகுது. தண்ணி குடு தாயின்னு நான்தான் கைய வெளிய நீட்டிட்டேன். செல்வேந்திரன் அப்பத்தான் பட்டறையில இருந்து வர்றான். நாளு பூராம் அந்த வெளிச்சத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு செவந்து கெடக்கும். பசி வேற. ‘உன்னக் கழுவிக் கழுவி என் கையில நாத்தம் போகல, இன்னும் தண்ணி வேணுமா உனக்கு’ன்னு கதவ ஓங்கிச் சாத்துனான். கைய நான் உள்ள இழுத்திருக்கணும். இழுக்கல. யாரு தப்பு?

மண்டையில இருக்கிற காயம் அன்னைக்குப் பட்டது இல்ல. அது அதுக்கு முன்னாடி. அவன் செவுத்தத்தான் அடிக்க வந்தான் தாயி. நடுவுல நான் இருந்துட்டேன்.

என்ன எழுதுறீங்க? எழுதுங்க, எழுதுங்க. நான் ஒண்ணும் மறைக்கல.

இந்த ஆஸ்பத்திரிக்கு அவன்தான் தூக்கிட்டு வந்தான். அத யாராவது சொன்னாங்களா? கொண்டாந்து சேத்துட்டு, பட்டறை வேலை கெடக்குன்னு போனான். போனவன் வர நாளாயிருச்சு. வேலை அப்படி. கூட ஆளு இல்லாத கெழவன்னா வார்டுல எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா. கட்டுப் போட்ட கை ஒரு பக்கம், ஊசி ஏத்துற கொழாய் ஒரு பக்கம். தண்ணிச் செம்பு எட்டாது. கண்ணாடி வீட்டுலயே கெடக்கு. சுத்தி இருக்கிற மொகம் எதுவும் தெளியல. விளக்கு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு, ராவா பகலான்னே புரியல.

அங்கதான் தாயி எனக்குப் புத்தி பெரண்டு போச்சு. வார்டு மறைஞ்சு போச்சு. நான் மலை ஏறுற காட் ரோட்டுல நிக்கிறேன். வண்டி ஏத்தத்துல நிக்குது, பின் டயருல காத்து எறங்குற சத்தம் கேக்குது. கல்லு வைக்கணும், இல்லாட்டி வண்டி பின்னால உருண்டு பள்ளத்துல போயிரும். கல்லு எடுக்கக் கீழ எறங்குறேன். எறங்குனது கட்டில்ல இருந்து. ஊசிக் கொழாய் பிச்சுக்கிட்டு ரத்தம் ஓடுது. விழுந்து எந்திரிக்க முடியாமக் கெடந்து, கூட வண்டி ஓட்டுனவனக் கூப்பிட்டு, ‘காசிமு, கல்லு வையிடா, கல்லு வையிடா’ன்னு கத்துறேன்.

அப்புறம் வார்டு ஆளுக ரெண்டு பேரு வந்து தூக்கிப் போட்டு, நல்ல கையத் துணியால கட்டில் கம்பியோட கட்டிட்டாங்க. ஊசி ஒண்ணு போட்டாங்க. முழிச்சா, கட்டியிருக்கு. தூங்கி முழிச்சா, கட்டியிருக்கு. ஊசிக் கொழாய நான் பிச்சுப் போடாம இருக்கக் கட்டுறாங்களாம். முதுகுத் தண்டுக்குக் கீழ தோலு கழண்டு புண்ணாயிருச்சு. இருமுனா நெஞ்சுல சளி கரகரங்குது. வரும்போது கை மட்டுந்தான் ஒடஞ்சிருந்துச்சு. அதுக்குள்ள பாதி ஆளு போயிட்டேன்.

அப்பத்தான் இந்த ஸ்டெல்லா டியூட்டிக்கு வந்தா. வந்ததும் வராததுமாக் கட்ட அவுத்தா. யாரு கட்டச் சொன்னதுன்னு அங்க இருந்தவுகளப் பிடிச்சு ஒரு வாங்கு வாங்குனா. என் கட்டில சன்னல் பக்கம் தள்ளுனா. யாருகிட்டயோ சொல்லி ஒரு பழைய கண்ணாடி வாங்கி என் மூக்குல மாட்டுனா. தெனமும் வந்து, ‘தாத்தா, இன்னைக்கு என்ன கெழமை? நான் யாரு? இது எந்த ஊரு?’ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்டக் கேக்குற மாதிரி. மணிக்கொரு தரம் தண்ணிய வாயில வைப்பா. எனக்குக் குடிக்கப் பயம். வேண்டாம் தாயி, போயிரும்னேன். ‘போனாப் போகட்டும், மாத்துறதுக்கு நான் இருக்கேன்’னா.

அதோட விட்டாளா? நடக்கணுமாம். ஒடஞ்ச கையோட, புண்ணான முதுகோட. அவ தோளப் பிடிச்சுக்கிட்டு நான் நடக்கணும். மொத நாளு கட்டில விட்டு எறங்கி நின்னேன், அவ்வளவுதான். அப்புறம் பக்கத்துக் கட்டிலு. அப்புறம் கதவு. நான் வையிறேன், அவ சிரிக்கிறா. ‘வைங்க தாத்தா, வஞ்சுக்கிட்டே நடங்க’. கடைசில வராண்டாவுல இருக்கிற குழாயடி வரைக்கும் நடக்க வச்சுட்டா. கெழவனக் கொல்றதுக்கு இதை விட வேற என்ன வேணும்? சளி கரைஞ்சது, கெழமை ஞாபகம் வந்துச்சு, அதெல்லாம் தானா வந்தது. அவ செஞ்சதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

கெழமை ஞாபகம் வந்த பெறகுதான் கேள்வி கேக்க ஆரம்பிச்சா.

‘தாத்தா, போன வருசமும் நீங்க இங்க வந்தீங்க. நான்தான் தையல் போட்டப்பப் பக்கத்துல நின்னேன். அப்பவும் வழுக்கி விழுந்தேன்னுதான் சொன்னீங்க. அந்த ரூமுல என்ன வழுக்கும்?’

எண்ணெய் கொட்டிக் கெடந்துச்சுன்னேன்.

‘தோளுல அஞ்சு வெரலு பதிஞ்சிருக்கே, எண்ணெய்க்கு வெரலு இருக்கா?’

தூக்கி விட்டப்பப் பதிஞ்சதுன்னேன். அவ பக்கத்துல உக்காந்து முதுகுப் புண்ணுக்கு மருந்து வச்சா. வச்சுக்கிட்டே சொல்றா: ‘இங்க இருக்க இருக்க உங்களுக்குக் கெடுதல்தான் தாத்தா. புண்ணு பெருசாகும், வேற நோயி தொத்திக்கும், நடை போயிரும். பெரிய டாக்டரும் சீக்கிரம் அனுப்பணும்னுதான் சொல்றாரு. எனக்கும் அனுப்பத்தான் ஆசை. எங்க அனுப்புறதுன்னுதான் தெரியல.’

எங்க அனுப்புறதுன்னா என்ன பேச்சு? எனக்கு வீடு இல்லையா?

செல்வேந்திரன் ஒருநாளு வந்தான். பழம் வாங்கிட்டு வந்தான் தாயி. வெறுங்கையோட வரல. கட்டில் பக்கத்துல வந்து உக்காந்தான். அந்நேரம் பாத்து இவ பிரஷர் பாக்க வந்துட்டா. பட்டைய மாட்டிக் காத்தடிச்சா. பாத்துட்டு, என் மொகத்தப் பாத்தா. அவன் மொகத்தப் பாத்தா. ‘கொஞ்சம் வெளிய நில்லுங்க சார்’னா. அவன் போன பெறகு சித்த நேரம் கழிச்சுத் திரும்பவும் பட்டையக் கட்டிப் பாத்தா. ‘இப்ப எறங்கிருச்சு தாத்தா’ன்னா. மகனக் கண்ட சந்தோசத்துல ஏறியிருக்கும்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டே, போர்வையப் பிடிச்சிருந்த என் வெரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டா. நான் பிடிச்சிருந்தது எனக்கே தெரியல.

பெத்த மகன வெளிய போகச் சொல்ல இவ யாரு? சொல்லுங்க.

அவனுக்கும் அது உறுத்திருச்சு. ரோசக்காரன்ல. அடுத்து வந்தப்ப ஆட்டோவோட வந்துட்டான். டாக்டருங்க வார்டு பாத்துட்டுப் போயி, எல்லாரும் சாப்பாட்டுக்கு ஒதுங்குற நேரம். ‘வாப்பா, வீட்டுக்குப் போவோம்’னான். எழுதிக் குடுத்துட்டாங்களாடான்னு கேட்டேன். ‘அதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ அந்தப் பொம்பளகிட்ட என்னென்ன சொன்ன?’

ஒண்ணுமே சொல்லலடா.

‘சொல்லாமத்தான் என்னயத் திருடனப் பாக்குற மாதிரிப் பாக்குறாளா?’

சிரிச்ச மொகமாத்தான் கேட்டான். வார்டுல எல்லாரும் இருக்காங்கல்ல. கக்கத்துல கையக் குடுத்துத் தூக்குனான். தூக்கும்போது அந்த உள்பக்கச் சதையைப் பிடிச்சு... பிடிமானத்துக்குப் பிடிச்சான். கொஞ்சம் அழுத்தி. எனக்கு வேட்டி நனைஞ்சு போச்சு. ‘வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்’னு காதுல சொன்னான். மெதுவா. பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கூடக் கேட்டிருக்காது.

வார்டு வாசல்ல ஸ்டெல்லா நிக்கிறா. கையில சாப்பாட்டு டப்பா. தின்னப் போனவ திரும்பி வந்துட்டா போல.

‘எங்க கூட்டிட்டுப் போறீங்க?’

‘எங்கப்பா. எங்க வீடு. உனக்கு என்ன வேணும்?’

‘டாக்டரு எழுதாம வெளிய விட முடியாது சார்.’

‘தள்ளு.’

அவ தள்ளல தாயி. இம்புட்டுத்தான் இருப்பா, ஊதுனா விழுந்துருவா. ரெண்டு கதவுக்கும் நடுவுல டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறா.  இவன் ஒரு அடி முன்ன வைக்கிறான். கட்டில்ல இருந்தவுக எல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாக.  அவள அடிச்சுருவானோன்னு... அப்படி நெனக்கல, அவன் ஏன் அடிக்கப் போறான். சும்மா பயம்.

அவ அவனப் பாக்கல. என்னையப் பாத்துக் கேட்டா.

‘தாத்தா, நீங்க போறீங்களா? உங்களுக்குப் போகணும்னா நான் இப்பவே டாக்டரக் கூப்பிடுறேன். உங்க வாயால சொல்லுங்க.’

செல்வேந்திரன் என் கைய அழுத்துனான். ‘சொல்லுப்பா.’

போறேன்னுதான் சொல்ல வந்தேன். சத்தியமா. வாயத் தெறந்தா, தண்ணி வேணும்னு வருது. தண்ணி வேணும், தண்ணி வேணும்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கேன். காலு மடங்கி அப்படியே தரையில உக்காந்துட்டேன். காலைலதான் குழாயடி வரைக்கும் போயிட்டு வந்த காலு. அது என்னமோ அந்நேரம் பாத்து நிக்கல. அவன் இழுக்குறான், நான் வாசலோரக் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டேன். விழுந்துரக் கூடாதேன்னு பிடிச்சேன். உக்காந்திருக்கிறவன் எங்கிட்டு விழுவான்னு கேக்குறீங்களா? என்னமோ, பிடிச்சேன்.

அதுக்குள்ள சனம் கூடிருச்சு. வாட்ச்மேன் வந்துட்டாரு. செல்வேந்திரன் கைய விட்டான். ‘எல்லாரும் பாத்துக்கங்க, பெத்த அப்பன் செய்யிற வேலைய’ன்னு சொல்லிட்டு வெளிய போனான். கண்ணு கலங்கிப் போச்சு அவனுக்கு. அத யாரும் பாக்கல. நான் பாத்தேன். சின்னப் பிள்ளையில வண்டி கெளம்பும்போது அப்படித்தான் நிப்பான், ஒதட்டக் கடிச்சுக்கிட்டு. நான் திரும்பி வர்றப்ப அவன் கொஞ்சம் வளந்திருப்பான். அப்படியே வளந்துட்டான்.

அவன் போன பெறகு ஸ்டெல்லா தரையில என் பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்தா. குடிச்சேன். நெறையக் குடிச்சேன். வேட்டிய மாத்தி விட்டா. ‘தாத்தா, உங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா? சொந்தம்னு இல்ல, யாராவது’ன்னு கேட்டா. எனக்குத் தலையில நிக்கிற நம்பரு ஒண்ணே ஒண்ணுதான். காசிம் நம்பரு. உத்தமபாளையத்துக் காசிம் ராவுத்தரு. என்கூட வண்டியில மாத்தி மாத்தி ஓட்டுனவன். நான் தூங்கும்போது அவன், அவன் தூங்கும்போது நான். அந்த நம்பர நான் சும்மா சொன்னேன். அவ உடனே போன் போட்டுருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?

விடிஞ்சதும் வந்து நிக்கிறான் தாயி. தலைப்பா, கைலி, ஒரு பையி. அவனுக்கும் முட்டி போச்சு, விந்தி விந்தி வர்றான். அவன் முன்னால இந்தக் கோலத்துல கெடக்கிறது எனக்கு... மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அவன் பையில இருந்து ரேசர எடுத்து, சோப்புப் போட்டு எனக்குச் செரச்சு விட்டான். தாடையத் தூக்குனவன், கழுத்துல இருந்த தடத்தப் பாத்தான். கையி நின்னு போச்சு.

‘மாப்ள, இது என்னடா?’

பழசு மாமான்னேன்.

‘குண்டூர் ரோட்டுல ஒருத்தன் வண்டி மாட்டப் போட்டு அடிச்சான்னு ஓடுற லாரிய ஓரங்கட்டிட்டு எறங்கிச் சண்டைக்குப் போனவன்டா நீ.’

அது வேற மாமான்னேன்.

‘எப்படி வேற?’

 மாட்டுக்காரன் என் மகனா? அவன் மிச்சத் தாடியச் செரச்சு முடிச்சான். மொகத்தத் தொடச்சு விட்டான். அப்புறம் வராண்டாவுக்குப் போயி நின்னுக்கிட்டான். அவன் தோளு குலுங்குனது கட்டில்ல இருந்தே தெரிஞ்சது. சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னையில இருந்து இங்கயேதான் கெடக்கான். கட்டிலுக்குக் கீழ துண்ட விரிச்சுப் படுக்குறான். என் வீட்டுக்கு வந்துரு மாப்ளங்கிறான். அவன் சம்சாரமும் போனுல கூப்பிட்டுச்சு, அண்ணே வாங்கன்னு. முட்டிவலிக்குன்னு உக்கார்ற கக்கூஸு கட்டி வச்சிருக்கானாம், அதப் பெருமையாச் சொல்றான். போகலாம். போறதுக்கு என்ன. ஆனா மகன் இருக்கும்போது அப்பன் இன்னொருத்தன் வீட்டுல போயி இருந்தா, ஊரு செல்வேந்திரன என்ன பேசும்? அவனுக்குப் பட்டறைக்கு ஆளு வருமா? அதையும் பாக்கணும்ல.

அதனாலதான் தாயி, உங்ககிட்ட நடந்தத நடந்தபடி சொல்லிட்டேன். என் மகன் மேல எந்தக் குத்தமும் இல்ல. அவன் கூடவே என்னைய...

கதவத் தட்டுறாங்க.

அவன்தான். தட்டுறதுலயே தெரியும். ‘அப்பா, முடிஞ்சிருச்சா? நேரமாகுதுல்ல?’ கேட்டீங்களா? எவ்வளவு மருவாதையாக் கேக்குறான் பாருங்க. எவ்வளவு...

இருங்க தாயி. எந்திரிக்காதீங்க. தெறக்காதீங்க. சித்த இருங்க.

அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க.

...

நீங்க கேட்டீங்கல்ல, உள்ள வந்ததும் மொதக் கேள்வியா. அவன் அடிச்சானான்னு. அது என் வாயால வராது தாயி. நீங்க எத்தனை தடவை கேட்டாலும் வராது. பெத்தவன் வாயி. ஆனா அந்த நர்ஸு பிள்ளை உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கும்ல, அது பொய்யின்னு நான் சொன்னதா எழுதிராதீங்க. நான் அப்படிச் சொல்லல. அது பொய் சொல்ற பிள்ளை இல்ல.

வெளிய ரெண்டு பேரு இருக்காங்க. காசிம மட்டும் உள்ள கூப்பிடுங்க. அவன் வீட்டுக்குப் போறேன்னு எழுதிக்கங்க. செல்வேந்திரன்கிட்ட நீங்களே சொல்லிருங்க தாயி. நான் இப்படிச் சன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிறேன்.